தண்டையார்பேட்டை வீடு (குடும்ப குரூப்): காருக்கு வந்த ரீகால் லெட்டர்

புதன்கிழமை

மூர்த்தி, காலை 6:52
[படம்]
அண்ணா நகர்காரர், நமக்கு கார் வித்தவரு, நேத்து ராத்திரி இத அனுப்பினாரு. கம்பெனி லெட்டர் அவரு வீட்டுக்குப் போயிருக்கு. ரீகால்னு போட்டிருக்கு. பாபு, இன்னான்னு பாத்து சொல்லு. வெள்ளிக்கிழமை திருப்பதி கெளம்பறோம்.

செல்வி, 6:55
இப்பல்லாம் எது உண்மை எது ஏமாத்துன்னே தெரியல. லிங்க் இருந்தா தொடாதீங்க. யாராவது ஓடிபி கேட்டா குடுத்துடாதீங்க.

பாபு, 7:10
மாமா, லெட்டர முழுசா படிச்சிட்டேன். ரீகால்னா கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது. முன் சக்கரத்து லோயர் ஆர்ம் (சக்கரத்த வண்டியோட சேத்துப் புடிச்சிருக்கற கீழ் இரும்புக் கை) துருப்பிடிச்சு உடைய வாய்ப்பு இருக்கு, கடலோர ஊர்ல ஓடுற வண்டிய செக் பண்ணி மாத்தித் தரோம்னு போட்டிருக்கு. உண்மையா பொய்யான்னு அந்த லிங்க்கத் தொடாமலே பாக்கலாம். கார்த்தி, கம்பெனி வெப்சைட்டுக்கு நீயே நேரா போ, ரீகால் பக்கத்துல சேசிஸ் நம்பர் போடு. ஆர்.சி. கார்டுல இருக்கும், 17 எழுத்து.
அது வரைக்கும் வண்டிய யாரும் எடுக்காதீங்க.

மூர்த்தி, 7:14
இன்னாடா இப்படி பயமுறுத்தற. வண்டி சூப்பரா போவுது. ஞாயித்துக்கெழமகூட எண்ணூர் போய்ட்டு வந்தேன், ஒரு சத்தம் இல்ல. திருப்பதி போய்ட்டு வந்து சர்வீஸ்ல விட்டா ஆவாதா?

கார்த்தி, 7:16
மச்சான், நம்பர் போட்டா "தவறான எண்"னு வருது. அப்போ டூப்ளிகேட் லெட்டர் தானே?

பாபு, 7:19
எட்டாவது எழுத்துக்கு அப்புறம் வட்டமா ஒண்ணு இருக்கு பாரு, அத ஓன்னு அடிச்சிருப்ப. சேசிஸ் நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது. ஒண்ணு, சைபரோட குழம்பும்னு உலகம் முழுக்க விட்டுட்டாங்க. அது சைபர். திரும்பப் போடு.

கார்த்தி, 7:21
[படம்]
வந்துடுச்சு. நம்ம வண்டி லிஸ்ட்ல இருக்கு. "இலவசமாக சரிசெய்து தரப்படும்"னு இருக்கு.

செல்வி, 7:22
ஐயோ கடவுளே. நேத்துதானே ஆயாவ அதுல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்.

பாபு, 7:34
மாமா, நீங்க சத்தம் இல்லன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.
புஷ்னு ஆர்ம் மாட்டற எடத்துல இருக்கற ரப்பர் தேஞ்சா சத்தம் வரும். ஆர்மையும் சக்கரத்தையும் சேக்கற பால் ஜாயின்ட் ஆடுச்சுன்னா ஸ்பீடு பிரேக்கர்ல டொக்குன்னு கேக்கும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். லோயர் ஆர்ம் அரிக்கறது அப்படி இல்ல. உங்க வண்டில அது ரெண்டு தகட அழுத்தி சேத்து வெல்டு வெச்சது, உள்ள காலி. தண்ணி வடியறதுக்கு அடில ஓட்டை இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ நம்ம தெருல வண்டி நின்ன தண்ணி ஞாபகம் இருக்கா? மேல கழுவி துடைச்சோம். உள்ள போன சேறு அந்த ஓட்டையவே அடைச்சிக்கும். அப்புறம் வருஷம் பூரா கடல் காத்து. உப்பு கலந்த சேறு காயவே காயாது, ஈரத்த இழுத்து வெச்சிக்கும். தகடு உள்ளேருந்து கரையும். வெளில கருப்பு பெயின்ட் அப்படியே இருக்கும்.
ஒரு நாள் பள்ளத்துல இறங்கும்போது பிரேக் அடிப்பீங்க, அப்போ கிழியும். சக்கரம் பின்னாடி மடிஞ்சி போய் முட்டிக்கும். ஸ்டீயரிங் உங்க கைல இருக்கும், வண்டி கேக்காது. திருப்பதி ரோட்ல 80ல போவும்போது அப்படி ஆனா என்ன ஆவும்னு நெனச்சிப் பாருங்க. ஆயா, அத்தை எல்லாம் உள்ள இருப்பாங்க.

சாந்தி, 7:38
தம்பி, அவன் சொல்றத கேளுடா. தெனம் வண்டிக்கு அடிலயே படுத்துக் கெடக்கறவன்.

செல்வி, 7:45
[வாய்ஸ் மெசேஜ்]

கார்த்தி, 7:47
ஆயா பேசினது, காது கேக்காதவங்களுக்காக டைப் பண்றேன்: "உங்க தாத்தா காசிமேட்டுல போட்டுக்குப் போனப்போ போல்ட்டு எல்லாம் இப்டித்தான். மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், தட்டினா மாவா கொட்டும். கரைல தட்டிப் பாக்காம கடலுக்குப் போவ மாட்டாரு. மூர்த்தி, வண்டிய வுட்ரு."

ரேவதி, 7:58
அண்ணா, இப்பதான் பாத்தேன், இங்க ராத்திரி. அமெரிக்கால, எங்க ஒஹையோல, இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பனி உருகறதுக்கு ரோட்ல உப்பு கொட்டுவாங்க, வண்டி அடிப்பக்கம் பூரா போயிடும். 2023ல ஹோண்டா இங்க 2007லேருந்து 2011 வரைக்கும் வந்த சிஆர்-வி வண்டி, 5,60,000க்கு மேல, ரீகால் பண்ணாங்க. பின் சக்கரத்த புடிச்சிருக்கற டிரெய்லிங் ஆர்ம் மாட்டற எடத்துல ஃபிரேம் துருப்பிடிச்சு, ஆர்ம் கழண்டுக்கும்னு. உப்பு போடற 22 மாநிலமும் வாஷிங்டன் டி.சி.யும் மட்டும்தான் அந்த லிஸ்ட்ல, எங்க ஊரும் இருந்துச்சு. ரொம்ப அரிச்ச வண்டிய கம்பெனியே திருப்பி வாங்கிக்கவும் தயாரா இருந்தாங்க. அவ்ளோ பெரிய கம்பெனி சும்மா காசு செலவு பண்ண மாட்டாங்க அண்ணா. ப்ளீஸ் எடுக்காதீங்க.

மூர்த்தி, 8:05
சரி. சாவி செல்வி கிட்ட குடுத்துட்டேன். பாபு, சாயங்காலம் வந்து ஒரு தடவ பாத்துடு.

மூர்த்தி, 11:20
சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். லெட்டர் உங்க பேர்ல இல்ல, ஓனர கூட்டிட்டு வாங்கங்கறான். ஆர்.சி. என் பேருக்கு மாத்தி எவ்ளோ நாளாச்சு!

பாபு, 11:31
ஆர்.சி. மாத்தினது ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரியும் மாமா, கம்பெனி கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அவங்க கிட்ட வண்டி வித்தப்போ எழுதின அட்ரஸ்தான் இருக்கும். செகண்ட் ஹாண்ட் வாங்கி வெளில சர்வீஸ் பண்றவங்க எல்லாருக்கும் இதே கதைதான். அந்த அண்ணா நகர்காரர் நல்ல மனுஷன், லெட்டர தூக்கிப் போடாம தேடி அனுப்பினாரு பாருங்க.
ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. கவுன்ட்டர்ல பேசாதீங்க, கம்பெனி டோல் ஃப்ரீ நம்பருக்கே அடிச்சு சேசிஸ் நம்பர் சொல்லுங்க. உங்க பேரையும் போன் நம்பரையும் மாத்திக்கச் சொல்லுங்க.

கார்த்தி, 11:40
அப்பா, சட்டமும் இருக்கு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல "110-ஏ"ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, ரீகால் விதி 2021 ஏப்ரல் 1லேருந்து அமல். கவர்மென்டே ரீகால் பண்ணச் சொன்னா கம்பெனிக்கு ஒரு கோடி வரைக்கும் ஃபைன் போடலாம். ஆனா அது ஏழு வருஷத்துக்கு உள்ள இருக்கற வண்டிக்குத்தான். நம்மளது கம்பெனி தானா கூப்புடறது.

மூர்த்தி, மதியம் 12:25
பேசிட்டேன். டோல் ஃப்ரீல இருந்த பொண்ணு மரியாதையா பேசுச்சு. பேர் மாத்திட்டாங்க. அஞ்சே நிமிஷத்துல சர்வீஸ் சென்டர்காரனே திருப்பி கூப்பிட்டான், நாளைக்கு எடுத்துட்டு வாங்க சார்னு.

பாபு, 12:28
ஓட்டிட்டு வர மாட்டேன், ரெக்கவரி வண்டி அனுப்புன்னு சொல்லுங்க. நான் பாத்துட்டு சொல்றேன், ஆனா இத கேட்டு வைங்க.

பாபு, மாலை 6:40
[படம்]
[படம்]
ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வெச்சு, அடில பூந்து பாத்தேன். டிரைவர் பக்கம் பரவால்ல. இடது பக்கம் பாருங்க. சுத்தியால தட்டினா டிங்குன்னு கேக்கணும், இது சொத சொதன்னு கேட்டுச்சு. புஷ் பக்கத்துல வெல்டு ஓரம் ஸ்க்ரூடிரைவர வெச்சு லேசாத்தான் அழுத்தினேன், உள்ள எறங்கிடுச்சு. பழுப்பா ஈர மண்ணும் தகடு தகடா துருவும் கொட்டுச்சு. ரெண்டாவது படத்துல என் கைல இருக்கறது அதுதான்.
காயில் ஸ்பிரிங் கீழ் சுத்தும் செதில் விட்டிருக்கு. அதையும் எழுதிக்கச் சொல்லணும்.

செல்வி, 6:43
இதுலயா நாம ஊர் சுத்தினோம். எனக்கு கை நடுங்குது.

மூர்த்தி, 6:47
பாத்தேன்டா. நீ சொன்னது நூத்துக்கு நூறு. ரெக்கவரி வண்டி காலைல 9 மணிக்கு வருது, காசு இல்லன்னு சொல்லிட்டான்.

பாபு, 6:59
நல்லது. ஜாப் கார்டுல (சர்வீஸ்ல என்ன வேலைன்னு எழுதற சீட்டு) ரீகால்னு எழுதி, தொகை சைபர்னு இருந்தாத்தான் கையெழுத்து போடுங்க. ரெண்டு பக்க ஆர்மும் மாத்தறாங்களா, ஒண்ணு தானான்னு கேளுங்க. கழட்டின ஆர்ம கண்ணால பாத்துட்டு வாங்க. அடில கருப்பு கோட்டிங் அடிச்சித் தரோம், தனி காசுன்னு சொன்னா வேணாம். துரு மேல கோட்டிங் அடிச்சா ஈரத்த உள்ள வெச்சு மூடினதுதான். அதுக்குப் பதிலா மாசம் ஒரு தடவ நல்ல தண்ணில அடிப்பக்கம் ப்ரஷர் வாஷ் அடிச்சா போதும். போர் தண்ணி வேணாம், நம்ம ஏரியா போர் உப்பு.

சாந்தி, 7:05
நம்ம தெரு முனைல இஸ்திரி போடறவரு மருமவன் கிட்டயும் இதே வண்டிதான். கால் டாக்ஸி ஓட்டறான்.

பாபு, 7:07
இப்பவே போய் சொல்லும்மா. சேசிஸ் நம்பர் போட்டோ வாங்கி எனக்கு அனுப்பு. இங்க இருக்கற மத்தவங்களும் அனுப்புங்க, எந்தக் கம்பெனி கார், பைக்கா இருந்தாலும் சரி. நானும் கார்த்தியும் ராத்திரி உக்காந்து ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துடறோம்.

சாந்தி, 7:31
[படம்]
வாங்கிட்டேன். சவாரில இருந்தான், நிறுத்திட்டு அனுப்பினான்.

கார்த்தி, 7:36
இதுவும் லிஸ்ட்ல இருக்கு அத்தை. அவரோட நம்பர் குடுங்க, நானே பேசறேன்.

செல்வி, இரவு 8:15
வெள்ளிக்கிழமைக்கு திருப்பதி பஸ் டிக்கெட் போட்டாச்சு. மாதவரத்துலேருந்து காலைல 5:30க்கு. ஆயாவுக்கு முன் சீட்டு கெடச்சுது.