ஆக்சிஜன் சென்சார் மாற்றியும் விளக்கு அணையாத கதை

மேட்டுப்பாளையத்தான்:
ஒன்பது வருஷப் பழைய பெட்ரோல் கார். செக் எஞ்சின் விளக்கு, ஸ்கேனரில் பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்ற கோளாறு கோடு), மைலேஜ் படுத்துவிட்டது. சர்வீஸில் பார்த்ததும் "சென்சார் போச்சு சார்" என்றார்கள், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கிற சென்சார். மாற்றினேன். பத்தாம் நாள் விளக்கு திரும்ப எரிந்தது. இன்னொன்றும் மாற்றினேன் (சிரிக்காதீர்கள்). கடைசியில் ஊட்டி ரோட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். பெரியவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. "ராத்திரி வண்டி இங்கேயே ஆறட்டும் தம்பி, காலையில வாங்க" என்றார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். பையன் சைலன்சர் வாயை ஈரத்துணியால் அடைத்துப் பிடிக்க, இவர் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு இணைப்பில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். சென்சாருக்கு நாலு விரல் முன்னால் புஸ்ஸென்று நுரை! இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டில் ஓட்டை. வெளிக்காற்று அது வழியாக உள்ளே போக, சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்று சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. சென்சார் பொய்யே சொல்லவில்லை. அந்த நுரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

திருச்சி மலைக்கோட்டை:
அதற்காக எல்லாருக்கும் கேஸ்கெட் என்று கிளப்பிவிடாதீர்கள். எனக்கு நிஜமாகவே சென்சார்தான். பி0135, சென்சாருக்குள்ளேயே இருக்கும் ஹீட்டர் கோளாறு. 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அது வாயைத் திறக்கும். ஹீட்டர் செத்தால் புகையின் சூட்டையே நம்பி இருக்க வேண்டும். அதற்குள் என் ஆபீஸ் வந்துவிடும், மூன்றே கிலோமீட்டர். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கு நடுவே மீட்டர் வைத்தால் அசையவே இல்லை. புதியதில் சில ஓம் காட்டியது. கழற்றும்போதுதான் கொடுமை: 22 ஸ்பேனரில் இரண்டு பேர் தொங்கினோம், கிரீச் என்று மரையோடு சேர்ந்து வந்தது.

பழைய வண்டிக்காரன்:
என் கதை ஒரு வரி: எலி வயரைக் கடித்திருந்தது. ஆனால் நீங்கள் இருவருமே முதலில் ஸ்கேனரில் லைவ் டேட்டா (வண்டி ஓடும்போதே சென்சார்கள் காட்டும் அளவுகள்) பார்த்திருக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சென்சார். முன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊஞ்சலாடினால் உயிரோடு இருக்கிறது. பின் சென்சார் ஆடாமல் நின்றால் நல்லது. அதைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று மாற்றியவர்களும் உண்டு. ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும் சதவீதம்) +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்து வேக்கம் ஹோஸில் விரிசல் தேடுங்கள். அப்புறம் எஞ்சினில் கண்ட சிலிக்கான் பேஸ்ட்டையும் தடவாதீர்கள், அதன் ஆவியே சென்சாருக்கு விஷம். ஸ்கேனர் கோடு எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு சென்சார் காசில் எத்தனையோ வாங்கலாம்.

மேட்டுப்பாளையத்தான்:
இதை இரண்டு சென்சாருக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா! சரி, நேற்று பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு) வந்திருக்கிறது. அத்தனை நாள் கூடுதல் பெட்ரோல் குடித்ததில் கன்வெர்ட்டர் போயிருக்குமோ என்று பயம். பின் சென்சாரை மாற்று என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.