டேப்பில் பார்த்த படத்தைப் பல வருடம் கழித்துப் புதிதாகப் பார்த்தீர்களா? என்ன ஆனது?

ஈசூன் மகன்:

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு இப்போது 79 வயது. 80களின் கடைசியில் நாங்கள் மூவறை வீட்டில் இருந்தபோது சொந்தமாக வைத்திருந்த சினிமா டேப் மொத்தமே நான்குதான். அதில் ஒரு படத்தை அம்மா எத்தனை தடவை ஓடவிட்டிருப்பார் என்று கணக்கே கிடையாது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே கூடப் பாடுவார். பெரிதாக ஓடாத படம், அந்தப் பாட்டு ரேடியோவிலும் வராது. அவருக்குத் தெரிந்தது டேப்பில் கேட்டது மட்டும்தான்.

போன தீபாவளிக்கு அக்கா மகன் அதே படத்தை இணையத்தில் தேடிப் பிடித்துப் புது டிவியில் போட்டான். படம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அந்தப் பாட்டு வந்ததும் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே பாடகியை முந்திவிட்டார். நிறுத்திக் காத்திருந்து சேர்ந்துகொண்டார். மறுபடியும் முந்தினார். சுருதியும் சேரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் தப்பாப் பாடுறேனாய்யா?" என்றார். நானும் யோசிக்காமல், "ஆமாம்மா, கொஞ்சம் வேகமாப் போறீங்க" என்று சொல்லிவிட்டேன். தலையாட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். இங்கே சிங்கப்பூரில் நாம் வைத்திருந்த டிவியும் டேப்பும் பிஏஎல் என்ற டிவி முறை, நொடிக்கு 25. படத்தை டேப்பில் ஏற்றும்போது 24-ஐ அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும், குரலும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். இரண்டரை மணி நேரப் படத்தில் 6 நிமிடம் சுருங்கிவிடும். அம்மா டேப்பில் இருந்ததை இம்மி பிசகாமல் பாடியிருக்கிறார். போய்ச் சொன்னேன். "விடுய்யா, வயசாயிடுச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் பாடி நான் கேட்கவில்லை.

தெம்பனிஸ் மூன்றாம் டிஸ்க்:

எங்கள் வீட்டில் விசிடிதான். ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம், அதனால் தமிழ்ப் படம் என்றால் பெரும்பாலும் மூன்று டிஸ்க். மழைக் காட்சி வந்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை.

1999 டிசம்பர் விடுமுறை. அப்பா இரவு வேலைக்குப் போவதற்கு முன் தேக்கா பக்கம் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து வந்த படம். வீட்டை விட்டுப் போன தம்பியைப் பற்றிய கதை. இரண்டு டிஸ்க் முடிந்து மூன்றாவதைப் போட்டால் வேறு ஏதோ படத்தின் கடைசிப் பகுதி. உறையில் எழுத்து சரியாகத்தான் இருந்தது, உள்ளே டிஸ்க் மாறிவிட்டது. என் தங்கைக்கு அப்போது ஏழு வயது, உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. அப்பா பாதி மாட்டியிருந்த சீருடையோடு தரையில் உட்கார்ந்து, "நான் சொல்றேன் கேளு" என்று மீதிக் கதையைச் சொன்னார். தம்பி விடியற்காலையில் கப்பலில் வந்து இறங்குகிறான். கையில் அம்மாவுக்கு வாங்கிய சேலை. அம்மா கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தபடியே அவன் காலடிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். எழுந்து நடந்தே காட்டினார், அந்தக் காலடியை.

போன வருடம்தான் முழுப் படமும் பார்த்தேன். அந்தத் தம்பி செத்துப்போகிறான். கப்பலும் இல்லை, சேலையும் இல்லை. அப்பா அந்தப் படத்தை முன்பே தியேட்டரில் பார்த்திருந்தாரா? தங்கைக்காக மாற்றிச் சொன்னாரா? அல்லது அவருக்கும் தெரியாமல் அந்த நிமிடத்தில் கட்டினாரா? 2011-ல் அவர் போய்விட்டார். தங்கையிடம் இன்னும் நான் சொல்லவில்லை, அவள் மனதில் அந்தத் தம்பி திரும்பி வந்துவிட்டான்.

பழைய டெக்:

ஈசூன் தம்பி, வேகம்தான் காரணம் என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்ட வேண்டாம். டேப் ஓட்டும் பழைய விசிஆரில் பெல்ட் தளர்ந்திருக்கலாம், வாடகைக் கடைக்காரர்கள் டேப்பில் பாட்டை வெட்டியும் இருக்கலாம். அதையும் பாருங்கள்.

என் கதை சின்னது. அலமாரியில் பல வருடம் கிடந்த ஒரு சினிமா டேப்பைத் துடைக்காமல் போட்டேன். படம் முழுக்கப் பனி மாதிரி. சரி என்று எடுத்துவிட்டு, அதே விசிஆரில் என் தங்கையின் கல்யாண டேப்பைப் போட்டேன். தாலி கட்டும் இடத்தில் திரை வெள்ளையாகப் போய் உள்ளே கரகரவென்று சத்தம். வெளியே இழுத்தால் அந்த இடம் மட்டும் பட்டுத் துணிபோலக் கசங்கியிருந்தது. முதல் டேப்பில் இருந்த பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்ததையும் கெடுத்துவிட்டது.

அதனால் சொல்கிறேன், வீட்டில் டேப் வைத்திருக்கும் எல்லாரும் கேளுங்கள். இந்த ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல், பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? டேப்பின் முன்பக்கக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டாதீர்கள். பிஏஎல் விசிஆரில் ஹெட் உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, அந்த மாவு எங்கெல்லாம் போகும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல டேப்பைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்குகிற, ஈரத்தைக் குறைக்கும் டிரை கேபினட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் இன்னும் நல்லது. அது முடியாவிட்டால் மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, அதை மாதாமாதம் மாற்றுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை முழுதும் சுற்றித் திருப்புங்கள்.

முக்கியமாக, கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு விசிஆர் செய்வதை நிறுத்திவிட்டது, அதற்குப் பிறகு புதிதாக யாரும் செய்யவில்லை. உதிரிப் பாகத்துக்காக நான் சுங்கை ரோடு சந்தையில் பழைய பெட்டிகளை வாங்குவேன். அதுவும் 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரர் தள்ளிக்கொண்டு போகும் வண்டியைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.

பூன் லே வாசகி:

பழைய டெக் ஐயா, பூஞ்சை பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பெல்ட் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. விசிஆர் பாட்டு கேசட் மாதிரி இல்லை. டேப்பின் ஓரத்திலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடம் ஒன்று பதிவாகி இருக்கும், அதோடு இசைந்தால்தான் படம் ஆடாமல் நிற்கும். வேகம் பிசகினால் படமே கிழிந்துபோகும். டேப்பில் பாட்டை வெட்டியிருந்தாலும் பாட்டு குறையுமே தவிர சுருதி ஏறாது. ஈசூன் அண்ணன் சொல்வதுதான் நடந்திருக்கிறது.

ஆனால் இங்கே எல்லாரும் டேப்பை நினைத்து உருகுவதால் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டேப்மேல் கோபம் உண்டு. நான் சின்ன வயதில் மனப்பாடமாகப் பார்த்த ஒரு படத்தில், கதாநாயகி கல்யாணத்துக்கு முந்தின இரவு ஒரு பாட்டுப் பாடுவாள். நடுவில் வலது பக்கம் பார்த்து ஒரு நொடி நிறுத்துவாள். அங்கே சுவர்தான். ஏன் சுவரைப் பார்க்கிறாள் என்று நானும் என் சிநேகிதியும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம்.

2008-ல் முஸ்தஃபா கடையில் அந்தப் படத்தின் டிவிடி கிடைத்தது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை, படம் முழு அகலம். வலது ஓரத்தில் அவளுடைய அக்கா, விதவை, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாட்டு முழுக்க நிற்கிறாள். அந்தப் பாட்டே அவளுக்குத்தான். சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.35 பங்கு. பழைய டிவிக்காக அதை 4:3 ஆக வெட்டினால் 43 சதவீதம் படம் போய்விடும். நான் பத்து வருடமாகப் பார்த்தது பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த அக்காவாக நடித்தவருக்கு வசனமே கிடையாது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவர் அந்தப் படத்தில் நடிக்கவே இல்லை.

இன்னொன்று. இப்போது இணையத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமானவை, அதை அகலமான டிவியில் நிறைக்க மேலும் கீழும் வெட்டுகிறார்கள். நெற்றி போகிறது, ஆடுகிறவர்களின் பாதம் போகிறது. பரதநாட்டியக் காட்சியில் பாதம் இல்லாமல் என்ன பார்ப்பது? வெட்டாமல் ஓரத்தில் கறுப்பு விட்டுப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

உட்லண்ட்ஸ் 8:

சென்னையிலிருந்து மாமியாருக்காக ஆறு டிவிடி வாங்கி வந்தேன். டிவிடிக்கு நாடு வாரியாக மண்டலப் பூட்டு உண்டு: இந்தியா மண்டலம் 5, நம் ஊர் மண்டலம் 3. இரண்டு டிஸ்க்கை எங்கள் பிளேயர் ஏற்கவே இல்லை. அவர் ஆசையாகக் கேட்ட படம் அந்த இரண்டில் ஒன்று. நீல நிறத் திரையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல மாப்பிள்ள" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். அவருக்காக ஒரு தடவையைச் செலவழித்தேன்.

ஈசூன் அண்ணே, உங்களுக்கு இது உதவும். அந்தப் படத்துக்கு டிவிடி இருந்தால் உறையின் பின்பக்கம் பாருங்கள். பிஏஎல் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதுவும் 25-லேயே ஓடும், டேப்பில் இருந்த அதே வேகம், அதே சுருதி. தமிழ்ப் பட டிஸ்க்குகளில் என்டிஎஸ்சி என்ற இன்னொரு டிவி முறையும் நிறைய உண்டு, அது பழைய 24-ன் வேகம். அதுதான் கிடைக்கிறது என்றால் கணினியில் விஎல்சி மாதிரி பிளேயரில் வேகத்தை 1.04 என்று வையுங்கள். ஆனால் வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்து வைக்கும் வசதி தானாக ஓடிக்கொண்டிருக்கும், அதை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் தாளம் சேரும், குரல் சேராது.

ஈசூன் மகன்:

நன்றி தம்பி. டிஸ்க் கிடைத்தது, என்டிஎஸ்சிதான். நீங்கள் சொன்னபடி 1.04 வைத்து, அந்தச் சுருதி வசதியையும் அணைத்துவிட்டு, டிவியில் இணைத்தேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பாட்டை மட்டும் போட்டேன். முதல் சரணம் முடியும்வரை நிமிரவில்லை. இரண்டாவது சரணத்தில் கீரை ஆய்கிற கை நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் எந்த இடத்திலும் முந்தவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு வார்த்தைகூட முந்தவில்லை.

பாட்டு முடிந்ததும், "இது நம்ம டேப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வரும் சனிக்கிழமையும் போடப்போகிறேன்.