டேட்ஜஸ்ட் 1601க்குப் புது டயல்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

பழையசாவி எழுதியது:

வணக்கம். கையில் இருப்பது ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 1601. ஸ்டீல் கேஸ், வரி வெட்டிய வெள்ளைத் தங்க பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), பிளாஸ்டிக் கண்ணாடி. பின்மூடியைத் திறந்தால் மெஷினின் மேல்தகட்டில் (பிரிட்ஜ்) 1570 என்று பொறித்திருக்கிறது. சாவி கொடுக்கும் கிரவுனை இழுத்தால் செகண்ட் முள் நின்றுவிடுகிறது. மெஷின் சர்வீஸ் ஆகிவிட்டது, நேரம் சரியாகக் காட்டுகிறது.

பிரச்சினை டயலில்தான். வெள்ளி நிறம், ஓரம் சரிந்த பழைய வடிவம். 4க்கும் 8க்கும் நடுவே ஈரம் ஏறி வார்னிஷ் கொப்பளித்திருக்கிறது, கருப்புப் புள்ளிகளும் விழுந்திருக்கின்றன. 6 மணிக்குக் கீழே டி ஸ்விஸ் டி என்ற எழுத்தும், அதன் இரு பக்கமும் கிரேக்க எழுத்துபோல ஒரு குறியும் தெரிகின்றன.

ஆன்லைனில் "36 மி.மீ. டேட்ஜஸ்ட் டயல்" என்று நீலத்திலும் முத்துச்சிப்பியிலும் புதிதாகக் கிடைக்கிறது. டயலின் முதுகில் உள்ள இரண்டு கம்பிக் கால்கள் பொருந்தாவிட்டால் அவற்றை வெட்டிவிட்டு ஸ்டிக்கரில் ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். அப்படிச் செய்யலாமா? பழைய முட்களையே திரும்பப் போடலாமா? டயல் மாற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

---

மெயின்ஸ்பிரிங் எழுதியது:

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். காலை வெட்டாதீங்க. புது டயலா இருந்தாலும் வெட்டாதீங்க.

டயல் வாங்கும்போது "36 மி.மீ."னு பார்த்தா போதாது. கேஸ் அளவு ஒண்ணா இருந்தாலும் டேட்ஜஸ்ட்டுக்குள்ள வந்த மெஷின் காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. உங்க 1601ல இருக்கறது 1575ங்கற மெஷின். தேதி உள்ள மாடல்லயும் பிரிட்ஜ்ல 1570னுதான் பொறிச்சிருப்பாங்க, அதைப் பார்த்துக் குழம்ப வேணாம். செகண்ட் முள் நிக்கறதால அது சுமார் 1972க்குப் பிறகு வந்தது. அடுத்து வந்த 16014 மாதிரி மாடல்கள்ல 3035, தேதியைத் தனியா வேகமா மாத்தலாம். அதுக்கப்புறம் 16234ல 3135. இந்த மூணு குடும்பத்துக்கும் டயல் கால் உட்கார்ற இடம் வேற வேற. மலிவா கிடைக்கற நிறைய டயல் இந்த மூணுக்குமே இல்லை, ஈடிஏங்கற வேற ஸ்விஸ் கம்பெனியோட 2824, 2836 மெஷினுக்குக் கால் வெச்சு அடிச்சது. அதனால விற்கறவர்கிட்ட கேஸ் நம்பரைச் சொல்லாதீங்க. "1570/1575, வேக தேதி இல்லாதது"னு சொல்லி, டயலோட பின்பக்கப் படம் கேளுங்க. படம் தரலைன்னா அந்த டயலை விட்டுடுங்க.

டயல் கைக்கு வந்ததும் மெஷின்ல வெச்சு அழுத்திப் பார்க்காதீங்க. கால் மெல்லிய செம்புக் கம்பிதான், ஒரு தடவை வளைஞ்சா அடிப்பக்கம் விட்டுப் போயிடும். ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. பழைய டயலோட ரெண்டு கால் நுனியிலயும் ஸ்டாம்ப் மை தொட்டு, தாள்ல நேரா வெச்சு எடுத்தா ரெண்டு புள்ளி விழும். மை தொடாம நடு ஓட்டையையும் தேதி ஜன்னலையும் மேலிருந்து ஊசி நுனியால குறிச்சுக்குங்க. பக்கத்துலயே புது டயலையும் அதே மாதிரி பண்ணுங்க. ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வெளிச்சத்துல பிடிச்சா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பார்த்து முடிச்சதும் கால்ல இருக்கற மையைத் துடைச்சிடுங்க.

இவ்வளவு நுணுக்கம் எதுக்குன்னா, ஜன்னல் மையத்துலேர்ந்து 10 மி.மீ. தள்ளி இருக்குன்னு வைங்க. டயல் ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் அங்க 0.17 மி.மீ. நகரும். அதுக்கு மேல கண்ணாடியில இருக்கற சைக்ளாப்ஸ் லென்ஸ் ரெண்டரை மடங்கு பெருசா காட்டும். "28"ல 8 ஜன்னல் ஓரத்துல இடிச்சிட்டு நிக்கும், தினமும் அதுதான் கண்ணுல படும்.

ஸ்டிக்கர் பத்தி: ஒட்டினா டயல் அந்த ஸ்டிக்கர் கனத்துக்கு மேல ஏறுது. நம்ம ஊர் வெயில்ல பசை இளகினா டயல் மெல்லத் திரும்பும். நடு ஓட்டை, மணி முள் உட்கார்ற மணிச்சக்கரக் குழல்ல உரசும், வாட்ச் திடீர்னு நிக்கும். மெஷின்ல கோளாறுன்னு நினைச்சு அதைப் பிரிக்கறதுதான் அடுத்து நடக்கும்.

---

ஐகிளாஸ் எழுதியது:

முத்துச்சிப்பி டயல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பித்தளை டயல் சுமார் 0.4 மி.மீ. கனம். முத்துச்சிப்பியில் பித்தளைத் தகட்டின் மேல் சிப்பியைச் சீவி ஒட்டுவதால் கனம் கூடும். அந்தக் கூடுதல் கனம் நேராக முட்களின் இடத்தைத்தான் தின்னும். மணிச்சக்கரக் குழல் டயலுக்கு மேல் போதுமான அளவு நீட்டாது. மணி முள் முழுதாக இறங்காமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அல்லது இறங்கி டயலை உரசும். இதைச் சரிசெய்ய மணி முள்ளை மேலே ஏற்றினால் நிமிஷ முள்ளும் செகண்ட் முள்ளும் கூடவே ஏறி, செகண்ட் முள் கண்ணாடியில் போய் முட்டும். கல் டயலும் சிப்பி டயலும் போடுகிற கம்பெனிகள் அதற்கென உயரமான கேனன் பினியனும் (நிமிஷ முள் உட்காரும் குழல்) மணிச்சக்கரமும் வைப்பது இதனால்தான். அந்தப் பாகங்கள் கையில் இல்லாமல் 1575ல் சிப்பி டயல் வைக்க வேண்டாம். வெர்னியரில் அளந்து, பழைய டயலின் கனத்துக்குச் சமமாக இருப்பதை மட்டும் எடுங்கள்.

வடிவத்தையும் பாருங்கள். உங்களுடையது ஓரம் சரிந்த டயல், வாங்கப்போவது தட்டையானதாக இருக்கலாம். பழைய நிமிஷ முள்ளின் நுனி கீழ்நோக்கிச் சற்று வளைந்திருந்தால் தட்டை டயலில் ஒட்டுக் குறிகளின் (டயலில் பதித்த மணிக் குறிகள்) மேல் இடிக்கும்.

முட்கள்: பழையதையே போடுங்கள், அதுதான் உங்கள் மெஷினின் ஓட்டை அளவு. புதிதாக விற்கும் செட்டுகளில் பெரும்பாலானவை ஈடிஏ 2824 அளவு, அதாவது மணி 1.50, நிமிஷம் 0.90, செகண்ட் 0.25 மி.மீ. அது பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம். நிறத்தில் மட்டும் ஒரு சங்கடம் வரும். பழைய முள்ளில் இருப்பது டிரிட்டியம் என்ற கதிரியக்க ஒளிப்பூச்சு. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, இப்போது ஒளியே இருக்காது, பழுப்பேறியிருக்கும். புது டயலில் சூப்பர் லூமினோவா என்ற ஒளிப்பூச்சு பச்சையாக எரியும். இருட்டில் குறிகள் தெரியும், முள் தெரியாது. ஒளிப்பூச்சே இல்லாத டயலாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

---

மெயின்ஸ்பிரிங் எழுதியது:

பொருத்தற முறை. கை பழகாதவங்க முதல்ல ஒரு பழைய எச்எம்டில நாலு தடவை செஞ்சு பார்த்துட்டு இதுல கை வைங்க.

கிரவுன் திருகை விடுவிச்சு, பின்மூடியை அதோட பல்லுக்குச் சரியான டை போட்டுத் திறங்க. ரப்பர் பந்து, இடுக்கியெல்லாம் வேணாம். அடுத்தது ஸ்பிரிங்ல இருக்கற விசையை இறக்கணும். கிரவுனை விரல்ல பிடிச்சுக்கிட்டு, ஸ்பிரிங் பின்னாடி சுத்தாம தடுக்கற கிளிக்கைத் தள்ளி, மெல்ல மெல்ல விடுங்க. சட்டுனு விட்டா பல் போயிடும். ஸ்டெம்மைப் (கிரவுனோட தண்டு) பிடிச்சிருக்கற செட்டிங் லீவர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தி, ஸ்டெம் தானா வெளிய வர்ற அளவுல நிறுத்துங்க. முழுசா கழட்டினா லீவர் டயல் பக்கமா விழுந்திடும். கேஸ் ஸ்க்ரூ ரெண்டையும் எடுத்தா மெஷின் பின்பக்கமா வரும். உடனே ஹோல்டர்ல வெச்சு, முள்ளைத் திருப்பறதுக்காக ஸ்டெம்மைத் திரும்பச் சொருகிக்குங்க.

மூணு முள்ளும் ஒரே திசையில வர்ற மாதிரி திருப்பிட்டு, டயல் மேல மெல்லிய பாலிதீன் தாளைப் போட்டு, ரெண்டு பக்கமும் லீவர் குடுத்து ஒரே சமயத்துல தூக்குங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா செகண்ட் முள் குழல் வளையும்.

டயல் ஸ்க்ரூ மெஷினோட பக்கவாட்டுல இருக்கு. அரைச் சுத்து, முக்கால் சுத்து போதும், வெளிய எடுக்காதீங்க. டயலை ஓரத்துல நெம்பாதீங்க, கால் இருக்கற இடத்துல அடியிலேர்ந்து மெல்ல ஏத்துங்க. டயல் வந்ததும் அதோட முதுகைப் பாருங்க. மணிச்சக்கரத்து மேல மெல்லிய பித்தளை வாஷர் இருந்தா பல சமயம் எண்ணெய்ல ஒட்டிக்கிட்டு டயலோடயே வரும். அதைக் கவனிக்காம டயலை எடுத்து வெச்சுட்டா மணிச்சக்கரம் ஆடும், முள் ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை காட்டாது.

புது டயல் கால் ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள தன் எடையிலயே இறங்கணும். அழுத்தித்தான் இறங்கும்னா கால் சாஞ்சிருக்கு, ட்வீசரால அடியைப் பிடிச்சு நேராக்குங்க, நுனியைப் பிடிச்சு வளைக்காதீங்க. இறங்கினதும் ரெண்டு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒண்ணை மட்டும் முழுசா இறுக்கினா டயல் அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு ஜன்னல் தள்ளிப்போகும்.

இப்ப முள். 1575ல தேதி நள்ளிரவுல ஒரே துள்ளல்ல மாறும். முள் போடறதுக்கு முன்னாடி ஸ்டெம்மை முன்பக்கமா திருப்பிக்கிட்டே இருங்க. "டிக்"னு தேதி குதிச்ச நொடியில நிறுத்துங்க. அப்பவே மணி முள்ளை 12ல, நிமிஷ முள்ளையும் 12ல அழுத்துங்க. மறுபடி திருப்பி இன்னொரு தேதி மாறறதைப் பாருங்க. 12க்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னப்பின்ன குதிச்சா சரிதான். பத்து நிமிஷம் தள்ளிப்போச்சுன்னா நிமிஷ முள்ளை எடுத்துத் திரும்பப் போடுங்க. செகண்ட் முள்ளுக்கு அடியில மெஷின் நல்லா தாங்கிப் பிடிச்சிருக்கணும். பிளாஸ்டிக் முனை உள்ள புஷரால நேர் செங்குத்தா ஒரே அழுத்து.

பக்கவாட்டுல ஐகிளாஸ் வெச்சுப் பாருங்க. மூணு முள்ளுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். 24 மணி நேரம் முழுக்கத் திருப்பிப் பாருங்க, குறிப்பா ஒட்டுக் குறி ஒவ்வொண்ணையும் கடக்கும்போது. பழைய பிளாஸ்டிக் கண்ணாடி உள்பக்கம் சொறசொறன்னு தேஞ்சிருந்தா அதையும் மாத்திடுங்க. கேஸ்ல வெச்சதும் புது கேஸ்கெட் போட்டு அழுத்தச் சோதனை பண்ணுங்க. இந்த டயலைக் கெடுத்ததே ஈரம்தான். கிரவுன் டியூப் தேஞ்சிருந்தா அதே ஈரம் புது டயலுக்கும் வரும்.

---

வெள்ளிமுள் எழுதியது:

மாற்றும் முன் அந்தக் கிரேக்க எழுத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அது சிக்மா. 1970களில் ஸ்விஸ் டயல்களில் வந்த குறி. மணிக் குறிகள் தங்கத்தால் ஆனவை என்பதைக் காட்டுவது. கறை படிந்திருந்தாலும் அது அந்த வாட்சின் சொந்த டயல். எந்தப் புது டயலும் அதன் மதிப்பைக் கொண்டுவராது. தூக்கி எறியவோ, புது டயலுக்குப் பதிலாகக் கொடுக்கவோ, "பாலிஷ்" போடச் சொல்லி ஒப்படைக்கவோ வேண்டாம்.

துடைத்துப் பார்க்கவும் வேண்டாம். எழுத்து வார்னிஷுக்கு மேல் அச்சாகியிருக்கிறது. ஈரப் பஞ்சு பட்டால் முதலில் போவது எழுத்து, கறை அப்படியே இருக்கும். ரோடிகோவை (வாட்ச் வேலைக்கான ஒட்டுக் களிமண்) உருட்டி ஒற்றி எடுத்தால் தூசி போகும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே டயலுக்கு மேல் புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்துப் போடும் மும்பை ரீடயல் வேலையும் நம் நாட்டில் நிறைய நடக்கிறது. ஃபேவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட், எச்எம்டி வாங்குகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எழுத்து தடித்திருக்கும், நிமிஷக் கோடுகள் ஒட்டுக் குறிகளின் நடுவில் வந்து சேராது, 6க்குக் கீழே இருக்க வேண்டிய எழுத்தும் மாறியிருக்கும். அதைச் செய்ய பழைய பூச்சை உலோகம் வரை சுரண்டிவிடுவார்கள். போனது போனதுதான்.

இன்னொன்று: ரோலெக்ஸ் பெயர் அச்சிட்ட வெளிச்சந்தை டயல் அந்தக் கம்பெனி செய்தது அல்ல. அதோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால் அசல் பாகம் மாற்றாமல் வேலையை எடுக்க மாட்டார்கள். விற்கும்போது சொல்லாமல் விற்பது ஏமாற்று. சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது: அமெரிக்காவில் பெக்கர்டைம் என்ற விற்பனையாளர் மீது ரோலெக்ஸ் தொடுத்த வழக்கில், பூச்சை நீக்கி மறுபடி வண்ணமிட்டுப் பெயர் அச்சிட்ட டயலும் வேறு பெசலும் கொண்ட வாட்சுகளைப் போலி என்று கொண்ட முடிவை 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. சொந்தக் கையில் கட்டிக்கொள்வது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் பெயர் இல்லாத டயலையோ, அசல் பழைய 1570 டயலையோ தேடுவேன்.

---

பழையசாவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மைப்புள்ளி முறையைச் செய்து பார்த்தேன். விற்பவர் அனுப்பிய பின்பக்கப் படத்தை அதே அளவில், இடவலம் மாற்றி அச்செடுத்து வைத்ததில் ஒரு கால் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தில் விழுகிறது. அந்த டயல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 1575க்கான அசல் பழைய டயல் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, நீலம், தேதி ஜன்னல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒளிப்பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. வாங்கலாமா?

---

ஐகிளாஸ் எழுதியது:

முதலில் 6 மணிக்குக் கீழே என்ன எழுத்து என்று பாருங்கள். டி ஸ்விஸ் டி என்றால் டிரிட்டியம். வெறும் ஸ்விஸ் என்று மட்டும் இருந்து, ஒளிப்பூச்சும் இருந்தால், 1960களின் தொடக்கம் வரை போட்ட ரேடியமாக இருக்கலாம். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. ஒளி அணைந்திருந்தால் அதிலுள்ள ஒளிரும் பொருள் (பாஸ்பர்) தேய்ந்துவிட்டது என்று மட்டுமே பொருள், கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அந்தப் பொடியை ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள், சாப்பிடும் மேசையில் வைத்துத் திறக்காதீர்கள். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி உள்ளவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

டிரிட்டியம் என்றாலும் உதிர்கிற பூச்சோடு அப்படியே மாட்டக் கூடாது. பொடி முட்களின் நடு ஓட்டை வழியாக உள்ளே இறங்கி எண்ணெயில் கலந்துவிடும். முதலில் டயல் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, பூச்சை பைண்டர் (பிடிப்புப் பசை) வைத்து நிலைப்படுத்தச் சொல்லுங்கள். மேலே புதுப்பூச்சு வேண்டாம்.

---

மெயின்ஸ்பிரிங் எழுதியது:

டி ஸ்விஸ் டியா இருந்து, கால் ரெண்டும் நேரா இருந்தா வாங்குங்க சார், அதுதான் சரியான வழி.

சிக்மா டயலை எடுத்து வெக்கறப்ப: கால் கீழ இருக்கற மாதிரி மெத்துனு ஸ்பாஞ்ச்ல சொருகி, மேல எதுவும் படாத சின்ன டப்பாவுல, ஒரு சிலிக்கா ஜெல் பையோட வைங்க. டப்பா மேல "1601 / 1575"னு எழுதிடுங்க. டப்பாவைச் சுத்தி ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீங்க. ரப்பர்ல இருக்கற கந்தகம் வெள்ளிப் பூச்சைக் கருக்கிடும், டப்பா மூடியிருந்தாலும்.