மீந்த துண்டுத் துணியில் குவில்ட்: கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. ரவிக்கை தைத்து மீந்த நீளத் துண்டுகள் ஒரு அரிசிப் பை நிறையச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் காட்டன், நடுவே கொஞ்சம் பட்டு. சுவரில் மாட்ட நாலடிக்கு மூன்றடியில் ஒரு குவில்ட், அதாவது துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை, தைக்க ஆசை. பூ, மயில் எதுவும் வேண்டாம். வெறும் நிறமும் கோடும்தான். அமெரிக்காவில், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து இந்தக் கிறுக்கு.

பழைய வேட்டியை அடித்துணியாக வைத்து, கால் அங்குலம் தையலுக்கு விட்டு ஒரு கட்டம் தைத்துப் பார்த்தேன். தனித்தனியே எல்லாம் அழகு. சேர்த்தால் கோலப்பொடிக் கடை! போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தபோதுதான் புரிந்தது, அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன, வெளிர்-அடர் வித்தியாசமே இல்லை. வெளிர் துணி என்னிடம் குறைவு. லைனிங் துணியை இடையில் சேர்க்கலாமா, ரொம்ப மெலிசாகத் தெரியுமா?

அப்புறம் பட்டு. வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வருகிறது. இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ் வைத்தால் விறைத்துவிடுமா? செய்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் மாமியார்.