தம்பியின் கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு நான் ஜாமீன் போடலாமா?

மொட்டைமாடி:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பிக்குக் கல்யாணமாகி நாலு வருடம், கைக்குழந்தை இருக்கிறது. கல்யாணமான புதிதில் இரண்டு பேர் சம்பளத்தையும் நம்பி ஏழு வருடத் தவணையில் சின்னதாக ஒரு கார் வாங்கினார்கள். இரண்டு வருடம் கட்டியிருப்பார்கள், அதற்குள் குழந்தை வரப்போகிறது, இடம் போதாது என்று அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி எடுத்தார்கள். பழைய வண்டிக்குக் கிடைத்த விலை அதன் மீதிக் கடனுக்கே போதவில்லையாம். "அதைப் புதுக் கடனோடு சேர்த்துக்கலாம் சார், தவணை கொஞ்சம்தான் ஏறும்" என்று விற்பவர் சொல்ல, இவனும் தலையாட்டியிருக்கிறான். இன்சூரன்ஸ், கூடுதல் வாரண்டி, சீட் கவர் வரைக்கும் அதே கடனில்தான். இப்போது தம்பி மனைவி வேலைக்குப் போகவில்லை, தவணை போக மிஞ்சுவது வீட்டுச் செலவுக்குப் பற்றாமல் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறான், மாதாமாதம் மினிமம் டியூ மட்டும் கட்டுகிறான். எல்லாவற்றையும் ஒரே பர்சனல் லோனில் அடைக்கப் போகிறானாம், ஜாமீன் கையெழுத்துக்கு என்னிடம் வந்து நிற்கிறான். வண்டியை விற்றுத் தொலை என்றால் "நாலு பேர் என்ன நினைப்பாங்க அக்கா" என்கிறான். வீட்டுக்காரருக்கு இதில் இஷ்டமே இல்லை, எனக்கோ மனசு கேட்கவில்லை.

வட்டிக்கணக்கு:
அக்கா, கையெழுத்து அப்புறம். முதலில் தம்பியிடம் இரண்டு தொகையைக் கேளுங்கள்: இன்றைக்கே கார் கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும், இன்றைக்கு வண்டியை விற்றால் எவ்வளவு வரும். முதலாவதற்கு ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள், முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் இருந்தால் அதுவும் அதில் வந்துவிடும். மாதத் தவணையைத் தவிர வேறெதுவும் தெரியாமல்தான் நிறைய பேர் கார் கடனை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய காரில் ஏன் துண்டு விழுந்தது என்றால், கடன் 100, வட்டி 10 சதவீதம், 7 வருடம் என்று வையுங்கள். மாதம் சுமார் 1.66 வரும். இரண்டு வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டினால் கிட்டத்தட்ட 40 கட்டியிருப்போம், ஆனாலும் அசல் 78 பாக்கி நிற்கும். ஆரம்பத்தில் தவணையில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போய்விடுகிறது, காரின் விலையோ அந்த முதல் வருடங்களில்தான் வேகமாக இறங்கும். இதே கடனை 3 வருடத்தில் முடித்தால் மொத்த வட்டி 16, ஏழு வருடம் இழுத்தால் 39. "தவணை ரெண்டு மடங்காகுதே" என்பார்கள். ஆகும்தான். அதைக் கட்ட முடியாது என்றால் அந்த வண்டி நமக்கானது இல்லை, அவ்வளவுதான்.

பழையஃபைல்:
கடன் கொடுக்கும் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்பார்கள், நம்பாதீர்கள். அவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும், நாளைக்கு நீங்களே வீட்டுக் கடனுக்குப் போனால் இதையும் உங்கள் கணக்கில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அந்த பர்சனல் லோன் வட்டி ஃப்ளாட்டா, குறையும் அசல் மீதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஃப்ளாட்டில் 10 சதவீதம், 5 வருடம் என்றால், குறையும் அசல் கணக்கில் அது 17 சதவீதத்துக்கு மேல். கடைசித் தவணை கட்டுகிற மாதத்திலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போட்டிருப்பார்கள்.

ஷோரூமில் முதல் கேள்வியே "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். நம் வாயிலிருந்து ஒரு தொகை வந்ததும் விலை, வட்டி, சீட் கவர் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கி, பிரசுரத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதித் தவணையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்கள். எத்தனை வருடம் என்பது ஓரத்தில் பொடியாக இருக்கும். அப்புறம், கூடுதல் வாரண்டியைப் பாதியில் ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சிலதில் கிடைக்கும்.

எதிர்ப்பாட்டு:
வண்டியை விற்கச் சொல்வது சுலபம். அது கடன் கொடுத்தவரிடம் அடமானத்தில் இருக்கிறது, துண்டு விழும் தொகையைக் கையிலிருந்து கட்டினால்தான் பெயரே மாற்ற முடியும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

என்னைக் கேட்டால் முதலில் கார்டு. மாதம் 3 சதவீத வட்டி, மினிமம் 5 சதவீதம் என்றால் கட்டுகிற 5-இல் 3 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது வெறும் 2. பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்க்கிற செலவுக்கும் பெரும்பாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பர்சனல் லோனே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், 17 ஆனாலும் 36-ஐ விடத் தேவலை. ஆனால் கார்டு பாக்கி அளவுக்கு மட்டும், கார் கடனை அதில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. லோன் வந்த அன்றே கார்டை வெட்டிப் போடவும் வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் லோனும் இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும்.

வட்டிக்கணக்கு:
கார்டு விஷயத்தில் சரி. வண்டியில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கார் கடனை முடிக்க 100 என்று வைத்து, துண்டு 20-க்குள் என்றால் அதற்கு மட்டும் சின்னதாகக் கடன் வாங்கி விற்பதே நல்லது, தவணையோடு எரிபொருள், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் நிற்கும். 40 என்றால் வைத்து ஓட்ட வேண்டியதுதான். எக்ஸ்சேஞ்சில் மட்டும் மறுபடி கொடுக்க வேண்டாம்.

சாம்பல்பூனை:
தம்பி மனைவிக்கு இதெல்லாம் தெரியுமா?

மொட்டைமாடி:
கார் கடன் தெரியும், கார்டு தெரியாது. நேற்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம், நல்ல சண்டை. ஸ்டேட்மெண்டும் வாங்கிவிட்டான்: முடிக்க 100 என்றால் வண்டிக்கு 82 வரைக்கும் கேட்கிறார்கள். ஜாமீன் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கார்டு பாக்கியை மட்டும் என் சேமிப்பிலிருந்து கைமாற்றாகக் கொடுக்கிறேன், கார்டு என்னிடம் இருக்கும். வண்டியை விற்பதற்குத் தம்பி மனைவி சரி என்கிறாள், தம்பிதான் இழுக்கிறான். தெரிந்தவர் ஒருவர் "வண்டியை நான் எடுத்துக்கறேன், மீதித் தவணையை நானே கட்டிக்கறேன்" என்கிறாராம். அது சரி வருமா?

பழையஃபைல்:
வேண்டவே வேண்டாம் அம்மா. கடன் தம்பி பெயரில், வண்டி அவர் கையில். அவர் நிறுத்தினால் நோட்டீஸ் தம்பிக்கு வரும், விபத்து நடந்தால் பதிவில் இருக்கிற பெயரைத்தான் முதலில் தேடி வருவார்கள். வாங்குபவரின் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும், துண்டை நீங்கள் கட்டுங்கள், கடன் முடிந்த சான்றும் அடமானம் நீக்கும் கடிதமும் கைக்கு வரட்டும். பதிவில் பெயர் மாற்றும் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு சாவியைக் கொடுத்தால் போதும்.