போகொட மரப்பாலம்: எங்கே உக்கும், எப்படித் திருத்த வேண்டும்

இலங்கையின் பதுளை மாவட்டத்திலுள்ள பழைய மரப்பாலத்தைப் பற்றி மூன்று பேர் பேசுகிறார்கள்; அவரவர் ஊர்ப்பெயரே அடையாளம்.

செங்கலடி:
செங்கலடி–பதுளை வீதியால் போய், பதுளையிலிருந்து ஹாலிஎலப் பக்கம் திரும்பினால் போகொட. கல்லந்த ஓயாவுக்கு மேலே நிற்கும் பாலம் ஏறத்தாழ 15 மீற்றர் நீளம், 1.8 மீற்றர் அகலம். முழு நீளத்துக்கும் கண்டிப் பாணி ஓட்டுக்கூரை. பலாவும் மருதும்தான் முக்கிய மரங்கள். போகிறவர்கள் கைப்பிடி வேலைப்பாட்டைப் படமெடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். கரையில் படுத்திருக்கும் தீராந்தி (பாரம் தாங்கும் பெரிய உத்தரம்) நுனிகளைப் பாருங்கள். பாலத்தின் ஆயுள் அங்கேதான்.

கூரை, நடப்பவர் நனையாமலிருக்க மட்டும் போட்டதல்ல. மரத்தின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே நின்றால் உக்கவைக்கும் பூஞ்சணம் பிடிக்காது. ஒரு ஓடு விலகினாலே போதும். சொட்டும் தண்ணீர் பலகை இடுக்கால் இறங்கி, பலகையும் தீராந்தியும் முட்டுகிற இடத்தில் தங்கிவிடும். மேற்பலகை வெயிலில் காய்ந்து நன்றாகவே தெரியும்; அடியில் மரம் மாவாகிக்கொண்டிருக்கும்.

களுவாஞ்சிக்குடி:
செங்கலடி அண்ணன் சொன்ன தீராந்தி நுனியைச் சோதிக்க ஒரு கொட்டானும் (மரச்சுத்தியல்) குத்தூசியும் போதும். தட்டும்போது கணீரென்று கேட்டால் வைரம் இருக்கிறது. பொத்தென்று கேட்டால் குத்திப் பாருங்கள். ஊசி தடையில்லாமல் இறங்குகிற ஆழம்வரை மரம் போய்விட்டது.

உக்கியதை நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி, அதே இன மரத்தில் ஒட்டுப் போட வேண்டும். சாய்வின் நீளம் தீராந்தி உயரத்தில் மூன்று நான்கு மடங்காவது இருக்கட்டும். ஒட்டை இறுக்கும் மர ஆணி தீராந்தியைவிட நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிறகு ஈரம் குடித்துப் பருத்து இறுகும். பச்சை ஆணி அடித்தால் காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும். கரைப்பக்க நுனிக்கே இந்த ஒட்டு. ஊன்றுகாலுக்கு மேலே வருகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். பாரம் வளைக்கிற விசை அங்கே அதிகம், முழு மரத்தையும் மாற்றத்தான் வேண்டும்.

அக்கரைப்பற்று:
இரும்பாணி பற்றி ஒரு வார்த்தை. மருதில் துவர் அதிகம். ஈரம் பட்டால் ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, ஆணியும் அரித்துப்போகும். நுனியைச் சீமெந்தால் பூசி மூடுவது அதைவிடக் கேடு, உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. கருங்கல்லில் வைத்து, சுற்றிவர ஒரு விரல் இடைவெளி விட்டால் காற்றோடும்.

கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசல் நல்லது, ஆனால் மழையில் கரைந்து போய்விடும். ஆகவே கூரையை முதலில் சரிசெய்யுங்கள், மருந்து பிறகு. நம் கிழக்குப் பக்கம் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பதுளையிலும் மழை குறைவு. ஓடு இறக்குவதை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

செங்கலடி:
ஓடு இறக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறக்காதீர்கள். இரண்டு சாய்விலும் சமமாக இறக்காவிட்டால் கூரை ஒரு பக்கம் இழுத்து, கழுந்துகள் (துளையில் செருகிய மர முனைகள்) பிளந்துவிடும். கைமரங்களுக்கு இலக்கம் போட்டபின் கழற்றுங்கள்.