இடம் மாறும் அருங்காட்சியக நூலகம்: போகும் முன் எல்லாவற்றையும் பழுதுபார்க்க வேண்டுமா?

நூலடுக்கு எழுதியது:

வணக்கம். ஓர் அருங்காட்சியகத்தின் நூலகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு மொத்த அருங்காட்சியகமும் புதிய கட்டடத்துக்குப் போகிறது. என் பொறுப்பில் சுமார் 12,000 புத்தகங்கள். பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் தோல் பைண்டிங், துணி பைண்டிங். அது போக கடிதக் கட்டுகள், கட்டட வரைபடங்கள், கண்ணாடி நெகட்டிவ்கள் (கண்ணாடித் தகட்டில் பதிந்த பழைய புகைப்படங்கள்), யாரும் திறந்து பார்க்காத சில ஃபிலிம் டப்பாக்கள். ஆள் என்று பார்த்தால் நானும் ஓர் உதவியாளரும்தான்.

"எப்படியும் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுக்கத்தானே போகிறீர்கள், அப்படியே கிழிந்ததை ஒட்டி, பிரிந்ததற்கு பைண்டிங் போட்டுவிடுங்கள்" என்கிறது மேலிடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இடமாற்ற வேலை பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

கோந்துக்கிண்ணம் எழுதியது:

முதல் வேலையாக அந்தப் பேச்சை நிறுத்துங்கள். தாள் பாதுகாப்புதான் என் தொழில், பழுதுபார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படியும் இதைத்தான் சொல்வேன்.

கணக்குப் போட்டுக் காட்டினால் மேலிடத்துக்குப் புரியும். ஐந்தில் ஒரு புத்தகத்துக்குப் பழுது என்று வைத்தால் 2,400. ஒன்றுக்கு 4 மணி நேரம் என்பது தாராளமான மதிப்பீடு இல்லை. தோல் பைண்டிங்குக்கு அதற்கு மேலும் ஆகும். ஆக 9,600 மணி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 மணி நேர வேலை தந்தாலும் 960 வேலை நாள். கிட்டத்தட்ட நான்கு வருடம்! அதே 12,000 புத்தகங்களையும் தலா 3 நிமிடம் எடுத்துப் பார்த்து, அளந்து, நிலைமையைக் குறித்துக்கொள்ள 600 மணி போதும். மூன்று மாதத்தில் முடியும். உங்களால் ஆகக்கூடியது இரண்டாவதுதான்.

அந்த 3 நிமிடத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது பயணம் தாங்குமா? அப்படியே தாங்கும், கட்டிப்போட்டால் தாங்கும், கைவைத்தால்தான் தாங்கும் என்று மூன்று வகை. மூன்றாவது வகை மிகக் குறைவாகவே வரும். எடுத்து வைக்கும்போது மேலும் ஓடக்கூடிய கிழிசல், உதிரும் வண்ணம், இந்த மாதிரி. அதற்கும் ஜப்பானியத் தாள் ஒரு துண்டு, கோதுமை மாவுச்சத்துப் பசை, அவ்வளவே. செல்லோடேப் பக்கம் போகவே வேண்டாம்.

பெரும்பாடு இரண்டாவது வகையில்தான். தோல் பைண்டிங் சிவந்து, தொட்டால் பொடிப்பொடியாகக் கையில் ஒட்டுகிறதா? தோல் மட்கிவிட்டது என்று அர்த்தம். அட்டையும் கழன்றிருக்கும். ஒட்டாதீர்கள். கழன்ற அட்டையை அதன் இடத்தில் வைத்து, அமிலமில்லாத தாளில் சுற்றி, தட்டையான பருத்தி நாடாவால் கட்டுங்கள். முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அட்டையின் மேல் விழுந்தால் பக்கத்துப் புத்தகத்தில் அழுந்தித் தழும்பு போடும். பக்கங்கள் திறக்கும் ஓரத்தில் விழ வேண்டும். சணலும் ரப்பர் பேண்டும் கூடாது. ரப்பர் இறுகி, உடைந்து, தாளோடு ஒட்டிக்கொள்ளும். பார்கோடைப் புத்தகத்தில் ஒட்டாமல் ஒரு தாள் துண்டில் ஒட்டி உள்ளே செருகுங்கள்.

பைண்டிங்கில் மிச்சமான நேரத்தைத் தூசுக்குச் செலவழியுங்கள். புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்து, மேல் விளிம்பில் முதுகுப் பக்கமிருந்து வெளியே மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் இழுக்கவும். பழைய கட்டடத்தின் அழுக்கைப் புதிய கட்டடத்துக்கு ஏன் சுமக்க வேண்டும்?

துணி பைண்டிங் என்றதும் ஓர் எச்சரிக்கை. 1840, 50, 60-களில் வந்த பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகளில் ஆர்சனிக் என்ற நச்சு கலந்த நிறமி இருக்கலாம். அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் இதற்கென்றே ஆய்வு நடத்துகிறது. அந்த நிறத்தைக் கண்டால் நைட்ரைல் கையுறை போட்டு, ஜிப் வைத்த பாலித்தீன் பையில் தனியாக எடுத்து வையுங்கள்.

பெட்டியில் அடுக்கும்போது முதுகு கீழே, அல்லது படுக்கைவசம். பேக்கர்கள் பெயர் படிக்க வசதி என்று முதுகை மேலே வைப்பார்கள். விடாதீர்கள், பக்கங்களின் கனம் தொங்கி அட்டையோடு சேரும் இடத்தைப் பிய்த்துவிடும். பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். பப்பிள் ராப் தோலில் நேரடியாகப் படக் கூடாது, குமிழ் அச்சு விழும்.

ஃபிலிம் டப்பாக்கள் மட்டும் இந்தக் கதையில் சேராது. 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம் நைட்ரேட் என்ற எளிதில் தீப்பிடிக்கும் வகையாக இருக்கலாம். எரியத் தொடங்கினால் தானே ஆக்சிஜன் தந்து தண்ணீருக்கடியிலும் எரியும். புத்தகங்களோடு ஒரே வண்டியில் ஏற்றவே கூடாது. காற்றோட்டமான இடத்தில் ஒன்றைத் திறந்து பாருங்கள்: வினிகர் வாடை என்றால் அசிடேட் என்ற தீ அபாயம் குறைந்த வகை, நெடியோடு பிசுபிசுப்போ பழுப்புப் பொடியோ இருந்தால் மூடி வைத்துவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள்.

இராமபாணம் எழுதியது:

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நான் பூச்சி ஒழிக்கும் பக்கம்தான்.

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பூச்சி இருந்தால் "கட்டிப்போட்டால் போதும்" என்பது செல்லாது. ஓட்டை இருப்பதாலேயே பூச்சி உயிரோடு இருப்பதாக அர்த்தமில்லை. புத்தகத்தைத் துடைத்து, கறுப்புத் தாள் மேல் சில வாரம் தனியாக வையுங்கள். புதிதாகப் பொடி விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள்: -30 டிகிரி செல்சியஸ் என்றால் 3 நாள், சாதாரண ஃப்ரீசரின் -18 என்றால் 2 வாரம். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். கண்ணாடி நெகட்டிவ்களை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

நூலடுக்கு எழுதியது:

960 நாள் கணக்கைக் காட்டினேன். பைண்டிங் பேச்சு அன்றோடு நின்றது, நன்றி! இப்போது வேறு இரண்டு. பேக்கிங் ஒப்பந்ததாரர் பெட்டிக்கு எண் இருந்தால் போதும், கடிதக் கட்டு ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்கிறார். கட்டடம் கையில் வந்த மறுநாளே குடியேறச் சொல்கிறது மேலிடம்.

கோந்துக்கிண்ணம் எழுதியது:

எண் விஷயத்தில் இறங்கிப் போகாதீர்கள். ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் 2009 மார்ச் 3 அன்று இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அலமாரி நீளத்துக்கு ஆவணங்கள். பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். ஆனால் எந்தத் துண்டு எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. உங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்காது. ஆனால் கட்டுகள் கலந்துபோகப் பெட்டி ஒன்று கவிழ்ந்தாலே போதும். கட்டுக்கு ஒரு எண், உள்ளே ஒரு சீட்டிலும் அதே எண், பென்சிலால். ஒப்பந்ததாரருக்குப் பெட்டி எண் போதும்தான், அவர் வேலை வண்டியோடு முடிகிறது.

மறுநாளே குடியேறுவதா? புதுக் கான்கிரீட் மாதக்கணக்கில் ஈரம் கக்கும். பெயின்ட், பசை எல்லாம் ஆவி விடும். ஏசியை ஓடவிட்டு, டேட்டா லாகர் (வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தொடர்ந்து பதிவுசெய்யும் சிறு கருவி) வைத்து, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு முதல் பெட்டி போகட்டும். மேலிடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் லாகர் வரைபடத்தை அச்சிட்டுக் கொடுங்கள். வாயால் சொல்வதைவிட அது எடுபடும்.

வரைபடங்களில் நீல நிற ப்ளூபிரிண்ட் இருந்தால், கால்சியம் கார்பனேட் கலந்த காப்புத் தாளில் வைக்காதீர்கள். காரத்தில் அந்த நீலம் வெளுக்கும். கண்ணாடி நெகட்டிவ்கள் தனித்தனித் தாள் உறையில், நீண்ட விளிம்பில் நின்றபடி போகட்டும். உடைந்தவை மட்டும் படுக்கைவசம்.

புதிய இடத்தில் அலமாரி எஃகா, எம்டிஎஃப்பா (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை)? எம்டிஎஃப் என்றால் அது விடும் அமில ஆவிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.